ரெங்கசாமியின் நெஞ்சில் இரத்தம்

ரெங்கசாமி இருபத்தைந்து வருடம் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் குழாய்களுக்குச் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் சுற்றியவன். பழையதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசியை அன்று யாரும் சந்தேகிக்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிஸ்பென்சரான நானும்தான்.

அறுபத்தொன்றாவது வயதில் அவனுக்கு மூச்சு முட்டியது. ஆள் வெளுத்துப்போனான். பதுளை ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி ஏற்றி உறிஞ்சினார்கள். போத்தல் நிறைய இரத்தம். ஒரே வாரத்தில் மறுபடியும் அதே அளவு. நுரையீரலைப் போர்த்திய சவ்வில் புற்றுநோய், மிக அபூர்வம், கட்டி உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிகிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோடாங்கி உடுக்கை அடித்து வேறு கதை சொன்னான். காயமில்லாமல் இரத்தம் போனால் ரத்தக் காட்டேரிதானாம். வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்டே வந்தால் அவள்மேல் தாவிவிடுமாம். ரெங்கசாமியின் ஒரே மகள் புஷ்பம், பூனாகலையில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது ஏழு மாதம். தாயில்லாத அவளைத் தனியாளாக வளர்த்தவன் அவன்.

"சாகுறதுக்குள்ள ஒருக்கா அந்தப் புள்ளய பாக்கணுங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடுக்கைக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு மனிதனை அநாதையாகச் சாகவிடுவதா? நானே பூனாகலைக்குப் போனேன்.

"வா பிள்ளை, இது தொத்துற வருத்தமில்லை. ஒண்டும் நடக்காது. நான் பொறுப்பு" என்றேன். மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டினாள். புஷ்பம் அழுதுகொண்டே கிளம்பினாள்.

வாசலில் அவள் "அப்பா" என்றதும் ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது. எழப் பார்த்தான். அவள் ஓரடி உள்ளே வைத்தாள். உடனே கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான்.

"வராத தாயி! அது என் கண்ணு வழியா ஒன்னய பாத்துரும். போயிரு!"

"பேயுமில்லை ஒண்டுமில்லை, பிள்ளையைப் பாரடா!" என்று கத்தினேன். கம்பளியைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். சாகக் கிடந்தவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, விடவேயில்லை. உள்ளே அவன் விம்மியது இன்னமும் என் காதில் கேட்கிறது. அதைக் கேட்காமல் ஒரு நாள்கூடத் தூங்க முடிந்ததில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

புஷ்பத்துக்கு ஆண்குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. சில மாதம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள்.

"அப்பா மூஞ்சிய மூடிக்கிட்டதாலதான் இவன் தப்பிச்சான். இல்லீங்களா ஐயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவளைப் பார்க்கத் தவித்தவன் வீணாக முகத்தை மூடிக்கொண்டு செத்தான் என்றாகிவிடும்.

"ஓம் பிள்ளை" என்றேன். "அதாலதான்."