துத்தம் போட்ட பசை

அம்மாவின் வேலைக்கு உலை வைத்தது ஒரு புஸ்வாணப் பெட்டி. வடக்கே எங்கோ, பற்றவைத்த குழந்தை கையை எடுக்கும் முன்பே சீறி முகத்தைச் சுட்டுவிட்டதாம். திரி கட்டை, போதிய நீளமில்லை. மிச்சப் பெட்டி நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பி வந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே திரி வைத்தவள் அம்மா. பழி அவள்மேல் விழுந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது பிளஸ் டூ. போர்மேன் அம்மாவை வரச்சொன்னபோது யூனிபார்மைக்கூட மாற்றாமல் நானும் போனேன்.

“என்ன, வக்கீலக் கூட்டியாந்துட்டயோ?” என்று சிரித்தார் போர்மேன். “படிச்ச புள்ளதானே, லேபிள்ல யாரு பேருன்னு சத்தமாப் படி.”

படித்தேன். கம்பெனி பேர்தான். படம், நிறம் எல்லாம் அப்படியே. பிறகு லேபிளின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். பசை நீலம் பாரித்திருந்தது.

எங்கள் தெருப் பெண்கள் கூலிக்கு வீட்டில் லேபிள் ஒட்டுவார்கள். கரப்பான் அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துத்தம் என்ற நீல விஷ உப்பைப் போட்டுக் காய்ச்சுவார்கள். வெடிமருந்தோடு சேர்ந்தால் ஆபத்து என்று கம்பெனி துத்தத்தை வாசலுக்குள்ளேயே விடாது. ஆக, இது டூப்ளிகேட். பக்கத்து வீட்டு அத்தை ஒட்டும் சரக்கு. அவளுக்கு எழுத்து தெரியாது. அவளிடம் லோடு இறக்குவது முதலாளியின் மச்சினர் வண்டி. வெம்பக்கோட்டை ரோட்டில் அவர் போட்டிருக்கும் டூப்ளிகேட் பட்டாசு ஷெட்டை ஊரே அறியும்.

“இது நம்ம கம்பெனி சரக்கே இல்ல. துத்தம், பாருங்க.”

அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. “டூப்ளிகேட்டுன்னே வச்சுக்குவோம். போலீஸ் எங்கன வரும்? மச்சினர் பங்களாவுக்கா? பசைச் சட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் வரும். உங்க தெருதானே தாயி?”

எல்லாம் தெரிந்துதான் அம்மாவை நிற்க வைத்திருக்கிறார்கள்.

“விடுங்க அண்ணாச்சி, சின்னப் புள்ள,” என்று அம்மா என்னை வெளியே இழுத்து வந்தாள்.

“ஏம்மா விட்டே?” என்று ரோட்டிலேயே கத்தினேன்.

“ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக்காரி போலீஸ் டேசன் வாசல்ல நிக்கணுமாக்கும்?”

போலிச் சரக்கால் அசல் கம்பெனிக்கு நஷ்டம் என்று பேசுகிறார்கள். என்ன நஷ்டம்? முதலாளியும் மச்சினரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். வெந்தது முகம் தெரியாத ஒரு குழந்தை. போனது என் அம்மாவின் பேர்.

கட்டைத் திரி வைத்தவள் என்று பேராகிவிட்டதால் வேறு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. சேர்த்த ஒரே இடம் அந்த மச்சினரின் ஷெட். திரியைக் கட்டையாக வெட்டி மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள். எந்தக் குற்றத்தைச் செய்யாமல் வேலை போனதோ, அதைச் செய்வதே அவளுக்கு வேலையாயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நம்ம தெருவுல யாரும் புஸ்வாணம் வச்சா லேபிள உரிச்சுப் பாரு. நீலமா இருந்தா தண்ணியில போட்டுரு.”

“மத்த தெருவுக்கு யாரும்மா போறது?”

அம்மா வாளியில் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தாள்.