மலை செய்யாத குற்றம்

கடலுக்கடியில் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்று என் அண்ணனைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்துதான் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் பம்புசெட்டுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு கழன்று கிணற்றுக்குள் விழுந்தால் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு ஆள் அனுப்பி அண்ணனைக் கூப்பிடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக இறங்குவான். பொருளோடு விருட்டென்று மேலே வருவான். இதைப் பார்த்த கம்பெனி மேஸ்திரி ஒருவர் அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். அங்கே முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, ஸ்கூபா முறையில் மூழ்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூழ்கமட்டும்தான். மேலே எப்படி வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கிணற்றில் வந்ததுபோலவே கடலிலும் சரசரவென்று வந்தான். அதற்காக அவனைத் தட்டிக்கொடுத்தார்களாம்.

மகன் கடலுக்குள் இறங்குகிறான் என்றதும் அம்மா வேண்டிக்கொண்டாள். அவன் நல்லபடியாக வந்தால் கார்த்திகை தீபத்தன்று தன் கையாலேயே மலை உச்சிக்கு நெய் சுமந்து போவான் என்று. அந்த வருடம் தீபத்துக்கு முதல் நாள் சாயங்காலம்வரை அவனுக்கு வேலை இருந்தது. திரும்பத் திரும்ப மூழ்கி எழுந்துவிட்டு, ஈரத் தலையோடு பஸ் ஏறினான். வீட்டுக்கு வந்து குளித்து, விடிந்ததும் நெய்த் தூக்கோடு மலையேறினான். பாதி தூரத்திலேயே தோள்மூட்டில் குடைச்சல். உச்சியில் நெய்யைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இடது கால் மரத்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அண்ணன் நிற்கமுடியாமல் தள்ளாடுவதைப் பார்த்ததும் அவர் மூக்கைச் சுளித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எவ்வளோ ஊத்தினான்?"

"எங்க அண்ணன் குடிக்க மாட்டாருங்க. கடல்ல மூழ்குற வேலை. நேத்துகூட மூழ்கியிருக்காரு."

"நீ என்னம்மா படிக்கிற?"

"பி.எஸ்சி. விலங்கியல்."

"அப்ப மாட்டுக்கு ஏதாவது வந்தா வந்து சொல்லு. மனுசனுக்கு வந்தா நான் பாத்துக்கறேன்."

கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் ஒரு ஊசி போட்டு, தூங்கினால் தெளிந்துவிடும் என்று அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைப்பதில்லை. அந்தச் சிரிப்பை நான் மறக்கவும் இல்லை.

வீட்டில் பெரியப்பா காத்திருந்தார். "மீன் தின்ன வாயோட மலைய மிதிச்சா சும்மா வுடுமா? படவேட்டுக்குப் போயி மந்திரிச்சிக்கினு வாங்க. அண்ணாமலையார்கிட்ட தப்புக்குக் காணிக்கை கட்டணும்."

"வேலூருக்காவது கொண்டுபோலாம் பெரியப்பா."

"சாமி குத்தத்துக்கு வேலூர்ல மருந்து வச்சிருக்கானா?"

மறுநாள் செங்கம் ரோட்டில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் பேசினேன். எடுத்தவர் சூப்பர்வைசர். "இங்க இருந்து கிளம்புறப்ப நல்லாத்தாம்மா இருந்தான். உங்க ஊர்ல மலையேறுனதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்று வைத்துவிட்டார். பெரியப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் மலையைக் காட்டினார்கள்.

நான் கல்லூரி நூலகத்துக்குப் போய் உடலியங்கியல் புத்தகத்தை எடுத்தேன். எங்களுக்குப் பாடத்தில் வைக்காத அத்தியாயம் அது. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தில், சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். சட்டென்று ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகக் கிளம்பும். குமிழிகள் ரத்தக்குழாயின் உள்தோலை உரசிப் புண்ணாக்கும், சுற்றிலும் ரத்தம் உறையும், குழாய் அடைபடும். நரம்புக்கு ரத்தம் போகாவிட்டால் கை கால் மரத்துப்போகும். மூழ்கிய மறுநாள் உயரத்துக்குப் போவதோ உடம்பை வருத்திக்கொள்வதோ கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் குமிழி பெரிதாகும். கிணற்றில் வெறும் மூச்சோடு போனபோது அவனுக்கு ஒன்றும் ஆகாததன் காரணம்கூட அதில் இருந்தது: மேலேயிருந்து கொண்டுபோகும் ஒரே மூச்சில் அவ்வளவு நைட்ரஜன் இல்லை. எல்லாம் அச்சில் இருந்தது. அவனைக் கடலில் இறக்கியவர்களுக்கு இது தெரியாது என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது.

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிரிவலப் பாதைக் கடையிலிருந்து ஒரு கோலி சோடா வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இப்ப உள்ள நுரை தெரியுதா?"

"இல்ல."

கோலியை அழுத்தினேன். புஸ்ஸென்று பொங்கியது.

அம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் ரத்தத்துலயா இப்பிடி?"

"ஆமா. கடல்லருந்து வேகமா ஏறுனதுல மூடி தெறந்துது. மலையேறுனதுல இன்னும் ஜாஸ்தியாச்சு."

"மந்திரிச்சா இது அடங்குமா?"

"அடங்காது."

அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணாமலையார நான் அப்புறமா பாத்துக்கறேன் மாமா. மொதல்ல புள்ளைய வேலூருக்கு இட்டுனு போறோம்" என்றாள். அவரை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டது அன்றுதான்.

வேலூரில் அதற்கான வசதி இல்லையென்று சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனை அழுத்த அறைக்குள் வைத்தார்கள். மறுபடி அழுத்தத்தை ஏற்றி, சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, குமிழிகளைக் கரைக்கும் முறை. தோள் சரியாயிற்று. கால் பாதிதான் திரும்பியது. "அன்னைக்கே கொண்டுவந்திருந்தா நடந்தே போயிருப்பார்" என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கு, மாட்டுக்கு ஏதாவது வந்தால் சொல்லச் சொன்னவரின் முகம் முன்னால் வந்தது.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன். வலியே இல்லாமல் மூழ்கி வருகிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் ரத்தக்குழாய்கள் சரியாக விரிந்து கொடுப்பதில்லை என்று பிற்பாடு படித்தேன். அண்ணன் இடது காலை இழுத்து இழுத்து நடந்து பெட்டிக்கடை வைத்திருக்கிறான்.

போன வருடம் அதே கம்பெனியிலிருந்து அவனுக்கு ஒரு போன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "உங்க ஊர்ப் பசங்க கிணத்துல நல்லா மூழ்குவாங்களே, ரெண்டு பேரு கிடைப்பாங்களா?" அண்ணன் போனை வைத்துவிட்டான். ஆனாலும் யாரையோ பிடித்து இரண்டு பேரைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது?

அவர்கள் கிளம்புவதற்கு முன் இரண்டு பேரின் வீட்டுக்கும் நான் போனேன். நீ விடும் மூச்சுக் குமிழியைவிட மெதுவாக மேலே வா, மூழ்கிய மறுநாள் மலைப்பக்கம் போகாதே என்று அவர்களுக்கும் அவர்கள் அம்மாக்களுக்கும் சொன்னேன். ஊர் பேசியது. "சாமி மலைய ஏறாதன்னு சொல்ல ஒரு டீச்சர். இதுக்குத்தான் படிக்க வச்சது" என்றார் பெரியப்பா. இதற்குத்தான். வேறெதற்கு?

இந்தத் தீபத்துக்கு இருவரும் முந்தின நாள்வரை கடலில் மூழ்கிவிட்டு, மத்தியானம்தான் சென்னையிலிருந்து வந்து இறங்கினார்கள். வேண்டுதல் நெய்யை அவர்களுடைய அம்மாக்களே உச்சிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் உச்சியில் தீபம் தெரிந்தபோது, பெட்டிக்கடை வாசலில் அண்ணனுக்கு இரண்டு பக்கமும் நின்று அந்தப் பையன்கள் கும்பிட்டார்கள். அவர்களுடைய நான்கு கால்களும் தரையில் திடமாக ஊன்றியிருந்தன. அண்ணன் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.