வாப்பா பொறுக்கிக் கொடுத்த குப்பை

பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பறை கிடையாது. மாட்டுங்காவில் நான் படித்த ஜூனியர் காலேஜில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்த மேடம், ஊரைப் பார்க்காமல் ஊரைப் படிக்க முடியாது என்று சொல்லி எங்களை வெளியே இழுத்துப் போவார். ஒரு வாரம் மித்தி நதியோரம், மறுவாரம் டிராம்பே கழிமுகத்துச் சேறு. எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் என்றால் உயிர். தாராவியில் இருக்கிறேன் என்பதை மட்டும் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "சயான் பக்கம்" என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை.

ஒரு நாள் மேடம் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரம் வீட்டில் சேரும் காய்ந்த குப்பையையெல்லாம் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். தேவ்நார் குப்பை மலை தெரிகிற மைதானத்தில் கொட்டிப் பிரித்துப் பார்ப்போம் என்றார்.

எங்கள் வீடு வாப்பாவின் பட்டறைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. கீழே பழைய பிளாஸ்டிக்கை ரகம் பிரித்து, கழுவி, அரைத்து விற்கிற தொழில். அதனால் எண்ணெய் கவரோ ஷாம்பு பாக்கெட்டோ எதுவானாலும் கீழே போய் சரக்கோடு சேர்ந்துவிடும். அட்டை அடுத்த கடைக்குப் போகும். ஒரு வாரம் கழித்து மிஞ்சியதைப் பார்த்தால் இரண்டு கைப்பிடி கூட இல்லை. உம்மா பதறிப்போனாள்.

"ஏளா, இதையா கொண்டுபோவ? இந்த வீட்டுல திங்கதுக்கு ஒண்ணுமில்லன்னுல்லா நெனைப்பாவ!"

"இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாப்பா கீழே போனார். பாந்த்ராப் பக்கத்துப் பெரிய கட்டடங்களிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரித்து, கல்யாணத்துக்குத் துணி எடுக்கிற மாதிரிப் பார்த்துப் பார்த்து எடுத்தார். வெளிநாட்டு ஷாம்பு பாட்டில்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மடித்திருந்த பெரிய வெள்ளி நிறப் பை ஒன்று. "எல்லாம் நல்ல எடத்துச் சாமான்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூட்டையைச் சுமந்துகொண்டு கௌரவமாகவே போனேன்.

மைதானத்தில் என் பக்கத்தில் நின்ற தோழி மாட்டுங்காவின் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். அவள் பை சப்பையாக இருந்தது. "எங்காத்துல அம்மா பால் கவரைக்கூட அலம்பிக் காயவெச்சுப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுவா. மானம் போறதுடி" என்று என் காதில் முணுமுணுத்தாள். நான் பெரிய மனது பண்ணி அவளைத் தேற்றினேன்.

மேடம் எங்களைப் பையின் அளவுப்படி நிற்க வைத்தார். முதல் ஆள் நான். பரிசு வாங்கப் போகிறவளைப் போல நிமிர்ந்து நின்றேன். அவர் தூரத்து மலையைக் காட்டி, பிறகு எங்கள் பக்கம் கையைக் காட்டி, "அதை வளர்க்கிறது இந்த வீடுகள்தான்" என்றார். கடைசியில் நின்ற தோழிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குள் யாரோ என் மூட்டையிலிருந்து அந்த வெள்ளிப் பையை எடுத்துத் திருப்பினார்கள். நாய்த் தீனிப் பை; மேலே நாய்ப் படம்.

"உங்காத்துல நாய் இருக்கா?" என்று தோழி ஆச்சரியப்பட்டாள்.

"இருக்கு" என்றேன். "லாப்ரடார்."

நாங்கள் நாய் வளர்ப்பதில்லை. வளர்க்கிற வழக்கம் இருந்தாலும், லாப்ரடார் ஒன்று வந்தால் எங்களில் ஒருவர் வெளியே படுக்க வேண்டியிருக்கும். அவமானத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் போகிறது.

பிரித்து முடித்ததும் மேடம் சொன்னார், "இந்த ஊரில் எங்கேயாவது இந்த மலைக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காத ஒரு வீடு இருக்கும். அடுத்த சனிக்கிழமை பாடத்தை அங்கே உட்கார்ந்து நடத்த எனக்கு ஆசை. யாருக்காவது தெரியுமா?" நான் கீழே குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினேன். வாயைத் திறந்தால் தாராவி வெளியே வரும், வாப்பா பொறுக்கியதும் வெளியே வரும். பெரிய மூட்டைக்காரர்களின் பெற்றோரிடம் தானே பேசுவதாக மேடம் சொன்னார். வாப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு அப்போது பெரிய பயம்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. நான் பட்டறையில்தான் இருந்தேன். மேடம் பெயரைப் பார்த்ததும் வாப்பா அரவை மெஷினை நிறுத்தச் சொல்லி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். சுற்றிலும் அடுத்தவர் வீட்டுப் பிளாஸ்டிக் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மேடம் மரியாதையாகத்தான் பேசியிருக்க வேண்டும். ஆனால் நீளமாகப் பேசினார்.

"ஹாங் மேடம், கல்தி ஹமாரி ஹை" என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார் வாப்பா. பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், கண்டதையும் வாங்கிவிடுகிறோம், இனிமேல் குறைத்துக்கொள்கிறோம் என்று இந்தியில் பணிவாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு, "ஜி மேடம், நாய்க்கும் குறைத்துவிடுகிறோம்" என்றார்.

போனை வைத்ததும், "நம்ம வீட்டுக்கு எப்பளா நாய் வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. ஏணியருகே போய் மேலே பார்த்துக் கத்தினார்:

"ஏ, கேட்டியா? நாம ரொம்பச் செலவு பண்ணுதோமாம். மேடம் ஏசுதாவ!"

மேலே உம்மாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மேடம் தேடுகிற வீடு இதுதான் என்று அவர்கள் இருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.