பூஜ்யத்துக்கு முன்னால் பத்து நொடி

இதை நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது. எனக்கு நடந்தது. நடுராத்திரி இல்லை, மழை இல்லை, கரண்ட்டும் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவில். மேலே தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நேரங்களை மட்டும் துல்லியமாகச் சொல்வேன். நேரம்தான் என் தொழில்.

நான் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன். என் கணவரும் அதே வேலைதான். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு ஸ்டுடியோ. அவர் பதிவு செய்வார், நான் மிக்ஸிங் செய்வேன். பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வீட்டில் பேசியதைவிட அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கிட்டத்தட்ட ஆறு வாரம் முன்னால், வேலை முடிந்து வரும் வழியில், சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் ஸ்கூட்டர் நகரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவர் கடைசியாகப் பதிவு செய்து வைத்தது ஒரு படத்தின் பின்னணி இசை. டேப்பில் இருந்தது. எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் டிஜிட்டல் மெஷின் அது, ஒவ்வொன்றின் அளவையும் காட்ட முகப்பில் எட்டு மீட்டர். அவர் அதற்கு எட்டுக்கண்ணன் என்று பேர் வைத்திருந்தார்.

காலை 10:05. முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"உன் வீட்டுக்காரர் பண்ணி வச்சிருக்கிற வேலையைப் பாத்தியாம்மா? டேப்பைப் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்காரு. நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட இதைப் பண்ண மாட்டான்."

"அவரு தெரியாம பண்ணியிருக்க மாட்டாரு."

"தெரிஞ்சே பண்ணாராக்கும்? அப்ப அது இன்னும் மோசம். இந்த டேப்பு படத்தோட சேரவே மாட்டேங்குது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சேத்துக் குடு. இல்லேன்னா வேற ஆளை வச்சு முழுசாத் திரும்பப் பதிவு பண்ணிக்கறேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. டைட்டில்ல அந்த ஆளு பேருதான் வரும்."

"ஆறு மணி எதுக்கு? ஒரு மணிக்கே குடுக்கறேன். அவர் பேரு மேல கை வைக்காதீங்க."

"இந்த வாய்க்குப் பயந்துதான் உன்னை இன்னும் வேலையில வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

என்ன சிக்கல் என்று சொல்லிவிடுகிறேன். படம் ஓடும் மெஷின் தன் நேரத்தைச் சொல்லிக்கொண்டே ஓடும். மணி, நிமிடம், நொடி. அதுதான் டைம்கோடு. இசை ஓடும் மெஷின் அந்த நேரத்தை ஒயர் வழியாகக் கேட்டு, தன் டேப்பிலும் அதே இடத்தைத் தேடிப் பிடித்து, கூடவே ஓடும். பிடிக்கும்வரை அதன் விளக்கு சிமிட்டும். பிடித்துவிட்டால் பச்சை நின்று எரியும். லாக் ஆகிவிட்டது என்போம். ஒன்று முன்னால் போகும், மற்றது பின்னால் வரும். அவ்வளவுதான்.

ஆனால் டேப்புக்கு மூச்சுப் பிடித்து ஓட ஒரு பத்து நொடி வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு மணி என்ற நேரத்தில் ஆரம்பிப்போம். முன்னால் பத்து நொடி தாராளமாக இருக்கும். பூஜ்யத்தில் ஆரம்பித்தால்? பூஜ்யத்துக்குப் பத்து நொடி முன்னால் என்பது 23:59:50. அதாவது நேற்று. மெஷின் நேற்றைத் தேடிக்கொண்டு டேப்பின் கடைசிவரை ஓடும். அங்கேயும் கிடைக்காது. திரும்பி வரும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். இந்தப் படத்திலோ முதல் காட்சியோடு முதல் வயலின் வந்தாக வேண்டும். கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம் என்பதற்கும் வழியில்லை.

அவரைப் பற்றி இன்னொன்று. பதிவு தொடங்கும் முன் அவர் வாய்விட்டு எண்ணுவார். பத்திலிருந்து மூன்றுவரை. கடைசி இரண்டையும் சொல்ல மாட்டார், விரலில் காட்டுவார். குரலின் வால் இசையின் தலையில் விழக்கூடாது என்பதற்காக. நாங்கள் எல்லாரும் அப்படித்தான். அவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒருமுறை வீட்டில் பீரோவைத் தூக்கும்போதும் "அஞ்சு, நாலு, மூணு" என்று நிறுத்திவிட்டார். மறுமுனையில் என் நாத்தனார். "என்னண்ணே, செத்துட்டியா?" என்று அவள் எட்டிப் பார்க்க, அவர் பாட்டுக்குத் தூக்க, பீரோ அவள் கால் கட்டைவிரலில் இறங்கியது. அந்த நகம் இன்னும் கோணல்தான்.

11:02. எனக்கு ஒரு வழி தோன்றியது. படத்தின் நேரம் ஒரு மணியிலிருந்து தொடங்கும்படி மாற்றி வைத்தேன். எட்டுக்கண்ணனிடம், "உனக்கும் அதுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், கழிச்சுக்கோ" என்று எண்ணை அழுத்திச் சொன்னேன். இப்போது அது தயங்காமல் பூஜ்யத்துக்கு முன்னால் போகும். டேப்பின் தலைப்பில், அதாவது தொடக்கத்தில், பத்து நொடிக்கு வெற்று டேப் இருந்தது. எட்டு டிராக்கிலும் ஒன்றும் கிடையாது. அவர் கைப்பட எழுதிய டிராக் தாளிலும் எட்டாவது கட்டத்தில் "காலி" என்றுதான் இருந்தது.

படத்தை ஓடவிடக் கையை நீட்டினேன்.

அழுத்துவதற்கு முன்பே எட்டுக்கண்ணன் ஓடியது.

டேப் பின்னோக்கிச் சுற்றும் சத்தம். கிர்ர்ர்... டக். நின்றது. 23:59:50. விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. நேராகப் பச்சை.

படம் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் நேரம் சொல்லவில்லை. அப்படியானால் இது யாரைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறது?

ஒயர் கோளாறு என்று நினைத்தேன். பின்னால் போய் டைம்கோடு ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பச்சை எரிந்தது.

11:09. எட்டாவது மீட்டர் லேசாக ஏறியது. இறங்கியது. ஏறியது. மூச்சு மாதிரி.

அதன் ஒலியைக் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளினேன்.

"பத்து... ஒம்பது... எட்டு..."

அவர் குரல்.

சந்தேகமே இல்லை. ஆறு என்று சொல்லும் முன் எப்போதும் வரும் சின்னச் செருமல்கூட இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. அழுகை வந்தது. ஆறு வாரமாக வராத அழுகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்துத் திட்டினேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சாவி எங்க வச்சீங்கன்னு வீடு முழுக்கத் தேடறேன். இன்ஷூரன்ஸ் பேப்பரைக் காணோம். இங்க வந்து எண்ணிட்டிருக்கீங்க!"

டேப் தானாகப் பின்னால் சுற்றியது. 23:59:50.

"பத்து... ஒம்பது..."

"சரி, எண்ணுங்க. உயிரோட இருந்தப்பயும் நான் கேட்டதுக்குப் பதில் சொன்னதில்ல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டேன். அந்தக் குரலிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

"அஞ்சு... நாலு... மூணு..."

கண்ணைத் திறந்தேன். என் கை தானாக இரண்டு விரலை நீட்டியிருந்தது. அவர் நீட்டுவாரே, அதே மாதிரி.

"ரெண்டு."

விரல் அப்படியே நின்றது.

"ஒண்ணு."

அப்புறம் ஒரு மூச்சு. மிகக் கிட்டத்தில்.

11:16.

அவர் இந்த இரண்டு எண்ணையும் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பதினாறு வருடத்தில். ஒருதரம்கூட.

டேப் பின்னால் சுற்றியது.

"பத்து..."

மெஷினின் சுவிட்சை அணைத்தேன்.

"ஒம்பது..."

பிளக்கைப் பிடுங்கினேன்.

பச்சை...

"எட்டு..."

பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது.

நான் எழுந்தேன். கதவு நாலு அடியில் இருந்தது. ஓடியிருக்கலாம். ஓடினால் ஆறு மணிக்கு அவர் பேர் போய்விடும். அதைவிட, என்னை ஏமாற்றி அழவைத்துவிட்டது இது. அந்தக் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"யார்டா நீ?" என்றேன். கத்தவில்லை. "எங்க ஆளு கடைசி ரெண்டையும் வாயால சொல்ல மாட்டாரு. மூணோட நிறுத்திருவாரு. இதுகூடத் தெரியாம அவர் குரலைத் தூக்கிட்டு வந்துட்டியா?"

எண்ணிக்கை நின்றது.

நாற்காலியும் நின்றது.

கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு மௌனம். அந்த அறையின் மௌனம் எனக்கு அத்துப்படி. இது வேறு. இதில் ஓர் ஆள் இருந்தது.

"இந்த ரூம்ல நேரம் சொல்றது நான். நான் சொன்னா ஓடணும், சொன்னா நிக்கணும். இல்லேன்னா டேப்பை வெளிய எடுத்து வெயில்ல போட்டுருவேன்."

11:21. பச்சை அணைந்தது.

பிளக்கைச் செருகினேன். டைம்கோடு ஒயரை மாட்டினேன். எட்டாவது டிராக்கிலிருந்து வரும் ஒயரை மட்டும் அடியோடு பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். படத்தை ஓடவிட்டேன். விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. ஒழுங்கான மெஷின் சிமிட்டுவதுபோலச் சிமிட்டி, லாக் ஆனது. முதல் காட்சியோடு முதல் வயலின் வந்தது. கொஞ்சமும் பிசகவில்லை.

12:48-க்கு மிக்ஸிங் முடிந்தது. மேலே போய் முதலாளி மேஜையில் கேசட்டை வைத்தேன். பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

"எப்படிம்மா சேத்தே?"

"டைட்டில்ல அவர் பேரை எழுத்துப்பிழை இல்லாம போடச் சொல்லுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள், வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். கையில் அவருடைய தோள்பை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. திறக்க மனசு வராமல் ஆறு வாரம் அவள் வீட்டிலேயே வைத்திருந்தாளாம்.

"நீங்களே திறங்க அண்ணி. நான் திறந்தா அழுவேன், அழுதா மேக்கப் போயிரும்."

சாவி இருந்தது. இன்ஷூரன்ஸ் பேப்பர் இருந்தது. அவர் வேலைக் குறிப்பு எழுதும் சின்ன நோட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், பென்சிலில்:

"திங்கள். டேப்பின் தலைப்பில், எட்டாம் டிராக்கில் ஏதோ எண்ணுகிறது. நான் பதிவு செய்யவில்லை. யார் குரலும் இல்லை.

செவ்வாய். அழித்தேன். திரும்ப வந்தது. குரல் வயலின்காரருடையது மாதிரி இருக்கிறது.

புதன். இன்று என் குரல்.

வியாழன். டேப்பைப் பூஜ்யத்தில் ஆரம்பித்து வைத்துவிட்டேன். இனி யாரும் அதற்கு முன்னால் போக முடியாது. இவனுக்கு வேலை தெரியாது என்பார்கள். சொல்லட்டும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்ப் பார்ப்பாள்."

அந்த வியாழக்கிழமைதான் அவர் சிக்னலில் நின்றுபோனது.

இரண்டு தரம் படித்தேன். அவர் செய்தது பிழை இல்லை. தாழ்ப்பாள். அவர் போட்ட தாழ்ப்பாளை, அவர் பேரைக் காப்பாற்றப்போய் நானே என் கையால் திறந்திருக்கிறேன்.

"என்ன அண்ணி எழுதியிருக்கு?"

"வேலை விஷயம். உங்கண்ணன் கெட்டிக்காரன்னு எழுதியிருக்கு."

"அதை அவனே எழுதிக்கிட்டானா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை 9:40-க்கு அந்தப் படத்தின் எடிட்டர் போன் செய்தார். நல்ல பையன், என்னோடு பல படம் செய்தவன்.

"மேடம், மிக்ஸிங் பிரமாதம். டைட்டில்ல சார் பேரு வந்துருச்சு, நானே வச்சேன். அப்புறம்... தலைப்புல பத்து நொடி எண்ணிக்கை குடுத்திருந்தீங்கல்ல, அது ரொம்ப வசதியா இருந்துச்சு."

"என்ன எண்ணிக்கை?"

"உங்க குரல்தான் மேடம். பத்துலேர்ந்து மூணு வரைக்கும். கடைசி ரெண்டையும் விட்டு, ரொம்ப சுத்தமா. நடுவுல நீங்க மூக்கை உறிஞ்சுற சத்தத்தை மட்டும் வெட்டிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அன்னிக்கு அழுதீங்களா மேடம்?"

எட்டாவது டிராக்கின் ஒயர் டிராயரில் இருக்கிறது. சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

ஸ்டுடியோவை நான் விடவில்லை. அதே அறை, அதே எட்டுக்கண்ணன், பக்கத்தில் அதே காலி நாற்காலி. ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் பதிவுக்கு முன் நான் வாயைத் திறப்பதே இல்லை. பத்திலிருந்து ஒன்றுவரை எல்லாவற்றையும் விரலில்தான் எண்ணுகிறேன். அது என் குரலைக் கற்றுக்கொண்டது.

அதற்கு விரல் இருக்கிறதா, பார்த்துவிடுவோம்.