ஊத் சலீப்

வளைகுடா நாட்டில், ஃபர்வானியாவில் எங்கள் வீட்டு ஜன்னல் ஏசி, போட்டதும் லாரி கிளம்புகிற மாதிரி உறுமும். ஒன்றரை வயது மகள் தூக்கிவாரிப் போட்டு வீறிடுவாள். அணைத்தால் வெக்கையில் அழுவாள். என் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "பேசாம ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க. தூங்காம எப்படி டியூட்டிக்குப் போறது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் வந்து போகிற புருஷனோடு சேர்ந்து வாழ விசாவுக்குத் தவம் கிடந்து வந்தவள் நான். போகவே மாட்டேன் என்று கறுவிக்கொண்டேன்.

எதிர் ஃபிளாட்டில் லெபனான்காரி ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர். அழுகை கேட்டு ஒரு மத்தியானம் வந்தாள். கையில் சுண்டுவிரல் நீளத்துக்குக் காய்ந்த வேர். "ஊத் சலீப். ஃபார் பேபி. குட் ஸ்லீப்" என்று கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று ஓடிவிட்டாள்.

ஊத் என்றால் ஊதுவத்திதானே! இந்த ஊரில் வீட்டுக்கு வீடு புகைக்கிறார்களே. கரியைப் பற்றவைத்து வேரைப் போட்டு, குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல் பக்தியாகக் காட்டினேன். வாசனையா அது? பழைய சாக்கு எரிகிற நாற்றம்! குழந்தை தும்மித் தள்ளினாள்.

நாற்றம் பிடித்து டீச்சர் ஓடி வந்தாள். "லா! லா!" என்று அரபியில் கூடாது கூடாதென அலறி, இடுக்கியால் வேரை எடுத்தாள். பாதிதான் மிச்சம். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கட்டிவிட வேண்டுமாம். அடக் கடவுளே, பிள்ளை கையில் வசம்பு கட்டுகிற ஊர்க்காரிக்கு இது உறைக்கவில்லையே!

அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். அவள் ஊர் மலையில், காய்ந்த சரிவில், ஓக் புதர்களுக்கு நடுவே தானாகப் பூக்கிற உள்ளங்கை அகலச் சிவப்புப் பூவின் வேர் அது. பியோனி என்பார்களாம். அவள் மகனுக்காக அவளுடைய அப்பா தோண்டித் தந்தது. இப்போது அங்கே சண்டை, போக முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ கரி அப்பிய என் முகத்தைப் பார்த்து, தொடையில் தட்டிச் சிரித்தாள். மிச்ச வேரை நூலில் கோத்துக் குழந்தைக்குக் கட்டினாள். மடியில் வைத்துக்கொண்டு, ஏசி உறுமும்போதெல்லாம் தானும் பதிலுக்கு உறுமினாள். தினமும் வந்து உறுமினாள். குழந்தையும் சேர்ந்து உறுமப் பழகினாள். வேரோ, உறுமலோ, பயம் போயே போச்சு.

ஒரு சாயங்காலம் என் கணவர் வந்தபோது ஏசி கத்திக்கொண்டிருந்தது, மகள் அசந்து தூங்கினாள். "எங்களுக்கு டிக்கெட் எப்ப போடறீங்க?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

சட்டையைக் கழற்றியபடியே, "நீ போயிட்டா நான் இங்க என்ன பண்றது?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.