பழங்காநத்தத்து மயிலும் புரட்டாசி நிலாவும்

பழங்காநத்தத்தில் மயிலு வீடு எது என்று கேட்டால், மளிகைக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து வழி காட்டுவார். மெய் லின் வீடு என்று கேட்டுப் பாருங்கள், அப்படி யாரும் இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இரண்டும் ஒரே ஆள்தான். பினாங்கில் பிறந்த சீனப் பெண். அங்கே ஃபாக்டரி வேலைக்குப் போன சூரியபிரகாஷைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். வந்த நாளே தெரு அவள் பேரைத் தன் வாய்க்குத் தக்கபடி திருத்திக்கொண்டது. அவளைக் கேட்டா திருத்தியது?

கூத்தைப் பாருங்கள், இப்போது சூரியபிரகாஷ் மறுபடியும் பினாங்கில் இருக்கிறான். பழைய ஃபாக்டரி கூப்பிட்டது, குடும்பத்துக்கு இடம் தரவில்லை. அவள் ஊரில் அவன், அவன் ஊரில் அவள். கூட இருப்பது மகள் பவதாரிணி மட்டும்தான். அவளும் இரண்டாம் வகுப்புக்குப் போன கையோடு, "அம்மா, ஸ்கூலுக்கு வந்தா சீனத்துல பேசாத" என்று சொல்லிவிட்டாள்.

புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. சீனர்களுக்கு அது நிலாப் பண்டிகை. குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து நிலா பார்த்து, வட்டமான கேக்கை ஆளுக்கொரு துண்டாக வெட்டிச் சாப்பிடுகிற நாள். இந்த வருஷம் மகளையாவது தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மெய் லின் பிடிவாதமாக இருந்தாள். அந்த நாளை ஒரு நாளாக நினைக்க இந்த ஊரில் இன்னொரு ஜீவன் வேண்டாமா? பஸ் ஏறி சிம்மக்கல்லுக்குப் போய்க் காகித விளக்கு கேட்டாள். "கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கேம்மா" என்று கடைக்காரர் ஸ்டாரை எடுத்து நீட்டினார். அதையே வாங்கி வந்தாள். கேக்குக்குள் தாமரை விதைக்குப் பதில் பாசிப்பருப்புப் பூரணம். நடுவில் வைக்கிற உப்பு முட்டைக் கருவை, புரட்டாசியில் குடும்பத்தில் பேச்சு வரும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் பாயை விரித்து மகளை உட்கார வைத்தாள்.

"நிலாவ விரல் நீட்டிக் காட்டக் கூடாது. அதுக்குக் கோபம் வரும். தூங்குறப்ப வந்து காதுக்குப் பின்னாடி அறுத்துட்டுப் போயிரும்."

பவதாரிணி இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். "நெசமாவாம்மா? ஒனக்கு யாரு சொன்னா?"

"எங்க அம்மா."

"அவுகளுக்கு?"

மெய் லின் சந்தோஷத்தில் மகளை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவள் ஆட்களைப் பற்றி மகள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து, கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் முத்துமீனா இடுப்பில் கைப்பிள்ளையும் கையில் சோற்றுக் கிண்ணமுமாக ஏறி வந்தாள். "அந்தா பாரு நிலா!" என்று பிள்ளையின் விரலைப் பிடித்து நீட்டினாள். இந்த ஊரில் எந்தப் பிள்ளை நிலாவைப் பார்க்காமல் சோறு தின்றிருக்கிறது?

"அத்தே, நீட்டாதீக! பாப்பாவுக்குக் காது அறுந்துரும்!" என்று பவதாரிணி கத்தினாள்.

முத்துமீனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஐப்பசியில் அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள்.

"மதினி, என்னத்தச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீக? காது குத்தப்போற வீட்டுல பேசுற பேச்சா இது? நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துல போயிச் சொன்னா சிரிக்க மாட்டாக?"

கேக் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

"அம்மா, பாப்பாவுக்கு நெசமாவே அறுந்துருமா? எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பாகளா?" மகளுக்கு உதடு துடித்தது.

மெய் லின்னுக்கு மனசு கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். ஆள்காட்டி விரலை நிலாவுக்கு நேராக நீட்டினாள்.

"பாரு, ஒண்ணும் ஆகல. அம்மா சும்மா பொய் சொன்னேன்."

மகளும் நீட்டினாள். முதலில் ஒரு விரல், பிறகு பத்து விரலும். சிரிப்பு வந்துவிட்டது. "அத்தைகிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று தடதடவென்று படியிறங்கி ஓடினாள். "அத்தே, அம்மா சொன்னது பொய்யாம்!" என்று கீழே கேட்டது. முத்துமீனா சிரிப்பதும் கேட்டது. அப்புறம் டிவி சத்தம்தான். பிள்ளை மேலே வரவில்லை.

பினாங்கில், தெரியாத்தனமாகக் கை நீட்டிவிடும் பிள்ளைகளை உடனே கும்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். மெய் லின் எழுந்து நின்று கைகூப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு தன் பாஷையில் வாய்விட்டுப் பேசினாள். சின்னப் பிள்ளை, நான் சொல்லித்தான் செய்தது, அவள் காதை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சினாள். தன் காதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.