பார்ன் என்றால் பிள்ளை

சுற்றுலா வழிகாட்டி என்றால் முன்னால் குடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் என்று நினைக்காதீர்கள். பின்னால் நின்று தலைகளை எண்ணிக்கொண்டு வருபவர்தான் உண்மையான வழிகாட்டி.

ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் இருக்கிறேன். கோடையில் இரண்டு மூன்று தடவை நம்மாட்களைச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கிராமத்துக்குப் போய்வருவது என் தொழில். "இங்கிலாந்து பார்த்தாச்சு" என்று சொல்லும் ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் பார்த்தது லண்டனில் மச்சாள் வீட்டு சோபாவை. அவர்களுக்கு நான் கல்வீடுகள், ஆடு மேயும் மலைச்சரிவு, அந்தக் காலத்துக் கிறிஸ்தவக் கோயில், ஆற்றின் மேல் கூன் விழுந்த பாலம் எல்லாம் காட்டுகிறேன். அவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். சொந்தக்காரரை ஒரே பஸ்ஸில் ஏற்றி எங்காவது கொண்டுபோன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே விளக்கத் தேவையில்லை. இது போன கோடைப் பயணத்தின் கதை. சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இடையில் அது சரிவரவில்லை.

வெங்காய மூட்டையடியில்

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் ஒரு பலசரக்குக் கடைக்குள் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மன்னார்ப் பக்கத்துக்காரர். வயோதிபர் இல்லச் சமையலறையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். என் விளம்பரத்தில் இருந்த கோயில் படத்தைப் பார்த்திருக்கிறார். "அந்தக் கோயிலடியிலை சேமக்காலை இருக்கோ, தங்கச்சி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பெயர் அழிந்துபோன கல்லறைகள் இருக்குமோ என்றார். அதுவும் நிறைய என்றேன். இதென்ன கேள்வி என்று நிமிர்ந்து பார்த்தால், கண் கலங்கியிருந்தது.

அவருக்கு மூத்தது ஒரு பெண் குழந்தை. கிறேஸ். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போகும் வழியில் காய்ச்சலில் போய்விட்டது. அதே காய்ச்சலில் அக்கா நினைவில்லாமல் வண்டிலில் கிடந்திருக்கிறார். புதைத்தது கணவர் இம்மானுவேல் அண்ணை. எங்கே புதைத்தார் என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். ஒஸ்லோவில் பிறந்த இரண்டு மகன்மாருக்கும் இப்படியொரு பிள்ளை இருந்ததே தெரியாது. நவம்பரில் எல்லாரும் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது அக்கா யாருடைய கல்லறையிலாவது சும்மா நின்றுவிட்டு வருவார். இங்கே யாரும் இல்லாத கல்லொன்றில் கொளுத்தினால் தெரிந்த சனம் விசாரிக்கும். இங்கிலாந்தில் யார் விசாரிக்கப் போகிறார்கள்? எனக்கு வெங்காயம் பொறுக்கக் கை வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"அவருக்குச் சொல்லிப்போடாதை. பழைய கோயில் பாக்கப் போறமெண்டு மட்டும் சொல்லு."

மாலையில் வரும் காலை

பயணத் திட்டத்தை நான் தமிழில்தான் அடித்துக் கொடுப்பேன். பஸ்ஸில் அதை வாசித்துக்கொண்டிருந்தார் கார்த்திக். சென்னைக்காரர், ஒஸ்லோவில் கணினி வேலை. மனைவி, இரண்டு வாண்டுகளோடு வந்திருந்தார். "அக்கா, 'மாலை: கோயிலும் சேமக்காலையும்'னு போட்டிருக்கீங்களே. சாயங்காலத்துல எப்படிக்கா காலை வரும்? டிபனா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கரின் சொல் அது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் சிரித்துக்கொண்டே, அது கல்லறைத் தோட்டம் தம்பி என்றேன்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். பிலோமினா அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார். இம்மானுவேல் அண்ணை ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். அதுவரை இங்கிலாந்துச் சாரதி இடப்பக்கம் ஓட்டுவதைப் பற்றியே முறைப்பாடு சொல்லிக்கொண்டு வந்தவர், இப்போது என் பக்கம் திரும்பினார்:

"செத்தவையைத் தாட்ட இடத்தை ஆரும் விமானம் ஏறிப் போய்ப் பாப்பினமோ, தங்கச்சி?"

பூச்சாடி அம்மா

கோயிலுக்குள் நுழைந்ததும் எங்கள் பெண்கள் மாதா சுரூபத்தைத் தேடினார்கள். அது முந்தி எங்கடை கத்தோலிக்கக் கோயில், பிறகு ஆங்கிலிக்கன் சபைக்குக் கைமாறிவிட்டது என்று விளக்கினேன். "அதுக்காக மாதாவை எங்கை கொண்டுபோய் வைச்சவை?" என்று திராமன் நகரத்து மாமியொருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் என்ன செய்ய?

பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்தக் கிராமத்து வெள்ளைக்கார அம்மா ஒருவர் கார்த்திக்கின் வாண்டுகளைப் பார்த்துக் கன்னத்தில் தட்டி ஏதோ சொன்னார். பிலோமினா அக்காவுக்கு ஆங்கிலம் வராது. நோர்வேக்கு வந்து நொஷ்க் மொழி பழகியதோடு சரி. ஆனால் அவர்தான் என் தோளைத் தட்டினார். "இவ பார்ன் எண்டு சொல்லுறா. இவவுக்கு நொஷ்க் தெரியுமோ?" உண்மைதான். நொஷ்க்கில் பார்ன் என்றால் பிள்ளை. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் பிள்ளையைப் பேர்ன் என்பார்கள். ஒரு காலத்தில் நோர்வேக்காரர் படகில் வந்து கொள்ளையடித்து, பிறகு இங்கேயே குடியிருந்து விட்டுப்போன சொற்களில் அதுவும் ஒன்று என்று சொல்வார்கள். இதையெல்லாம் நான் பெருமையாக விளக்கினேன். அக்கா பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டு, தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்:

"அப்ப இஞ்சையும் பிள்ளைக்கு அதே சொல்லுத்தான்."

அம்புக்குறி

பஸ்ஸடியில் தலைகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. பிலோமினா அக்கா. கல்லறைகளுக்கு நடுவே தேடினேன். கூடவே அண்ணையும் வந்தார், திட்டிக்கொண்டே. மதிலின் கோடியில் ஒரு சின்ன மர வாயில். அதன் மேல் ஒரு பலகை. பலகையில் BARN என்று எழுதி, வயலைக் காட்டி ஓர் அம்புக்குறி. ஆங்கிலத்தில் அது வைக்கோல் போடும் கொட்டில். அந்த ஊரின் பழைய கற்கொட்டில் பார்க்க வேண்டிய இடம் என்று நான்தான் விளம்பரத்தில் போட்டிருந்தேன். ஆனால் அக்கா ஆங்கிலமா வாசித்திருப்பார்?

புல்லுக்குள் விழுந்தடித்துப் போனோம். அக்கா கொட்டிலுக்குள் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, ஒரு கையில் மெழுகுதிரியும் மறுகையில் தீப்பெட்டியுமாக நின்றார். எங்களைக் கண்டதும் மறைக்கவில்லை. "எங்கடை ஊரிலையும் குழந்தையளுக்கு ஒரு மூலை புறம்பாய் விட்டிருப்பினமெல்லோ" என்று என்னிடம் கேட்டார். "பிள்ளையள் எண்டு பலகை போட்டிருக்கு. இதுக்குள்ளை எங்கை தாட்டிருக்கினம்?" நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இது ஆங்கிலம் அக்கா, இது வைக்கோல் கொட்டில். இவ்வளவு காலமும் தேடிய பிள்ளையை இன்னொருதரம் அவரிடமிருந்து பறித்ததுபோல இருந்தது எனக்கு.

அண்ணை போய்த் தீப்பெட்டியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "வைக்கலெல்லோ. பத்திப்போடும்" என்றார். வாங்கியவர் அதைச் சட்டைப்பையில் வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் வாசலுக்கு நகர்ந்தேன். ஆனால் போகவில்லை, போக முடியவில்லை.

"மடு மாதா கோயிலுக்குப் போற வழியிலை," என்றார் அண்ணை. "றோட்டாலை உள்ளுக்கை, ஒரு பாலை மரத்துக்குக் கீழை. பிறகு நிண்டு பாக்க நேரமில்லை. இப்ப கொண்டுபோய் விட்டாலும் எந்த மரமெண்டு தெரியாது. தெரியாதெண்டு உன்னட்டை எப்பிடிச் சொல்லுறது?" தீப்பெட்டியை ஒருதரம் திறந்து மூடினார். பிறகு, "மழை பெய்தது. பிள்ளைக்குக் குளிருமெண்டு, நான் போட்டிருந்த நீலச் சேட்டைக் கழட்டிச் சுத்தித்தான் வைச்சனான்" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்தார். நான் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? அக்கா அழவில்லை. அவர் கேட்டது இதுதான்:

"அந்தச் சேட்டைத் துலைச்சுப்போட்டியள் எண்டு நான் உங்களை எத்தினை தரம் பேசினனான். அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதே?"

பஸ் நிற்கட்டும்

திரும்பிவந்து, மதிலோரம் பாசி பிடித்த ஒரு கல்லின் முன் இருவரும் திரியைக் கொளுத்தினார்கள். காற்று அணைத்துவிட்டது. மறுபடியும் கொளுத்தினார்கள். அண்ணை கையைக் குவித்துக் காவல் பிடித்தார். மற்றவர்கள் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது. நான் நேரத்தைப் பார்த்தபடி போவதா நிற்பதா என்று தவித்தேன். அன்றிரவு விமானத்துக்குப் பிந்தினால் எல்லாரும் என்னைத்தான் பிய்த்தெடுப்பார்கள், தெரியும்தானே. அப்போது கார்த்திக் இறங்கி வந்தார். கல்லறையைப் பார்த்தார், அவர்கள் இருவரையும் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பஸ் நிக்கட்டும்க்கா. டிரைவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒஸ்லோவில்

சில வாரம் கழித்து எங்கள் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்கான மன்றாட்டு வாசிக்கும்போது "கிறேஸ்" என்று ஒரு பெயர் வந்தது. இம்மானுவேல் குடும்பம் என்று சேர்த்துச் சொன்னார்கள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணை நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்திருந்தார். பூசை முடிந்து வாசலில் அவர்களுடைய மகன் றொபேட் என்னைத் தேடி வந்தான். தாடி வைத்த பெரிய ஆள். சின்ன வயதிலிருந்து தெரியும். என்னோடு கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். ஒரு வெளியாளுக்குத் தெரிந்தது பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லையே. அவன் கோபிக்கவில்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கப் பார்த்தான், முகம் கோணிவிட்டது.

"வீட்டிலை எது பிழைச்சாலும் மூத்தவன் எண்டு எனக்குத்தான் பேச்சு விழும், அன்ரி. இப்ப சொல்லுகினம், நான் ரெண்டாவதாம். அந்த அக்கா இருந்திருந்தா ரெண்டுபேருமாய்ப் பேச்சு வாங்கியிருப்பம், என்ன?"

இங்கிலாந்தின் ஊர் காட்டத்தான் நான் ஆட்களைக் கூட்டிப்போகிறேன், ஆனால் வருகிறவர்கள் எந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள் என்பதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று இனிமேல் விளம்பரத்தில் ஒரு வரி போட வேண்டும்.